வெள்ளைப் புள்ளி

புதிதாக டி.ஜே. ஆக ஆசைப்படுகிறவர்கள் ஊசியை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. மற்றதெல்லாம் பழையதாக இருக்கலாம். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், இரண்டு பாட்டைக் கலக்கும் மிக்ஸர், மேஜை எதுவும் அடுத்தவர் கை பட்டதால் குறைந்துவிடாது. இசைத்தட்டுகளே யாரோ கேட்டு முடித்துக் கொடுத்தவைதானே. ஊசி அப்படியில்லை. அடுத்தவர் ஊசியை மாட்டுவதும் அடுத்தவர் பிரஷ்ஷால் பல் துலக்குவதும் ஒன்று. பழைய சாமான் கடையில் வைத்து இதைச் சொன்னபோது என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆறு மாதம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். முப்பத்தெட்டு வயதிலும் எனக்குப் பாப்பாதான். வேறு பெயர் வாயில் வராது. கல்யாணம் முறிந்து, வேலை பார்த்த போட்டோக் கடையும் மூடிப்போய், இரண்டு பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி, இரண்டே அறை. பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். ஒழித்தேன் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், என் இசைத்தட்டுகள் அங்கேயேதான் இருந்தன. நானூற்றுக்குக் கொஞ்சம் மேலே. இருபது வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவை. திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்தத் தட்டுகளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பாள். சாப்பிட்டாயா என்றால் ம் என்பாள். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளோ, நான் திரும்பி வரும்போதும் அந்தப் பக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடியும் தறுவாயில் அவள் படுத்தபடியே சொன்னாள்.

"அக்கா, இது முடியறதுக்குள்ளயே அந்த நீல அட்டையில இருக்கற பாட்டு உள்ள வந்தா நல்லா இருக்கும்ல?"

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இரண்டு பாட்டுகளையும் நான் இருபது வருடமாக மனத்துக்குள் சேர்த்துச் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அவள் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டாள்.

ஏன் நானே சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். டி.ஜே. வேலைக்கு இரண்டு காதும் வேண்டும். ஒரு தட்டு அறையில் எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு காதில் கேட்க வேண்டும். அடுத்து வரப்போகும் தட்டு ஹெட்போனுக்குள் மட்டும் ஓடும். அதை இன்னொரு காதில் கேட்க வேண்டும். இரண்டின் வேகத்தையும் விரலால் நகர்த்தி நகர்த்தி ஒன்றாக்கி, யாருக்கும் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும். எனக்குப் பதினோரு வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. இது என் வேலை இடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நன்றாக இருக்காது, ஏனென்றால் என் வேலை மற்றவர்களின் காதைச் சோதிப்பது.

இருபத்தொரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். சத்தம் புகாத சிறிய கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எந்த ஒலியை எவ்வளவு சத்தத்தில் கேட்டார்கள் என்று ஒரு தாளில் கோடாக வரையப்படும். அடியில் என் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இருந்தால் எங்கள் டாக்டர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

என் காது விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் தங்கை. அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது ஒருநாள் நானே சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதே என்றேன். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்றாள். அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் தட்டைத் தேர்ந்தெடுப்பேன், அவள் சேர்ப்பாள். எங்கே வாசித்தாலும் இரண்டு பேரும் ஒரே மேஜைக்குப் பின்னால் நிற்போம். பெயர்கூட நான்தான் வைத்தேன். 'இரட்டைத் தட்டு.' டர்ன்டேபிள் இரண்டு, ஆளும் இரண்டு. அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

கருவி வாங்குவதற்கு மட்டும் ஐந்து சனிக்கிழமைகள் அலைந்தோம். கையில் இருந்ததற்குள் முடிக்க வேண்டும். பழைய சாமான் கடைக்காரர் முதலில் சிவப்புப் பெட்டி மாதிரி ஒன்றைத் தூக்கி வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளேயே டர்ன்டேபிள், உள்ளேயே ஸ்பீக்கர். பார்க்க லட்சணமாக இருக்கும். அதன் ஊசி தட்டின்மேல் யானை உட்கார்ந்த மாதிரி உட்காரும். பத்து முறை போட்டால் தட்டு நரைத்துவிடும். வேண்டாம் என்றேன். அடுத்து பெல்ட்டில் ஓடுகிற ஒன்று. கையை வைத்து நிறுத்தி விட்டால் பழைய வேகத்துக்கு வர அதற்குத் தூங்கி எழுந்த மாதிரி நேரம் பிடிக்கிறது. அதுவும் வேண்டாம். அடியில் மோட்டாரே நேரடியாகச் சுற்றுகிற வகைதான் வேண்டும், அதுவும் ஒரே மாதிரி இரண்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஆளுக்கொரு மாதிரி இருந்தால் புதிதாகப் பழகுகிறவளின் கைக்கு எதுவும் பிடிபடாது.

ஐந்தாவது வாரம் ஒரு ஜோடி வந்திருந்தது. மூடிகள் உடைந்திருந்தன, மூடி நமக்கு எதற்கு. நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சுழலும்போது விரலை வைத்து எடுத்தேன். ஊசி தாங்கும் கையை லேசாக ஆட்டிப் பார்த்தேன், மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று. வேகம் கூட்டிக் குறைக்கிற பிடியை மேலும் கீழும் தள்ளினேன். மிக்ஸரின் ஒவ்வொரு குமிழையும் திருகி, கரகரப்பு வருகிறதா என்று என் வலது காதை அருகில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"எங்கக்கா காது டெஸ்ட் பண்றவங்க. உங்க மிக்ஸருக்குக் காது இருந்தா அதையும் டெஸ்ட் பண்ணிடுவாங்க" என்றாள் என் தங்கை. சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஊசி இரண்டும் புதிது. ஹெட்போனும் புதிதாகவே வாங்கினேன், காதை முழுதாக மூடுகிற வகை. ஸ்பீக்கருக்கு அவசரமில்லை என்று என் பழைய ஜோடியையே மாட்டினோம். அன்று மாலையே என் வேலை இடத்திலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து ஹெட்போனுக்குள் வைத்து அளந்தேன். எவ்வளவு சத்தத்தில் நாள் முழுதும் கேட்டாலும் காதுக்குக் கெடுதல் இல்லையோ, மிக்ஸரின் ஹெட்போன் குமிழில் அந்த இடத்தில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். கடிகாரமாக இருந்தால் ஒன்பது மணி காட்டுமே, அந்த இடம்.

"இதத் தாண்டாதே பாப்பா. காது ஒரு தடவை போனா திரும்ப வராது."

"நீ சொன்னா சரி" என்றாள்.

தாண்டவே இல்லை. சொன்னால் சொன்னபடி கேட்பவள். மாதம் ஒரு முறை என் வேலை இடத்துக்கு வந்து காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அதையும் தவறாமல் செய்தாள். வேலை நேரம் முடிந்ததும் வருவாள், கண்ணாடி அறைக்குள் உட்காருவாள், நான் வரைந்து கொடுக்கும் தாளைக் கோப்பில் வைத்துக்கொள்வாள். அவளுடைய காது அவ்வளவு நல்ல காது. இருபத்தொரு வருடத்தில் அப்படி ஒரு கோட்டை நான் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வரைந்திருக்கிறேன்.

ஏழு மாதம் நன்றாகப் போனது. திரைச்சீலை திறந்தது. அவள் முதலில் தப்புத் தப்பாகச் சேர்த்தாள்; இரண்டு தட்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். அப்புறம் ஒருநாள் அந்த நீல அட்டைப் பாட்டு எப்போது உள்ளே வந்தது என்றே தெரியாமல் வந்துவிட்டது. நான் சமையலறையில் இருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர். "வந்துடுச்சுக்கா" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் கொடுத்ததில்லை.

பிறகு அந்தக் காபிக் கடை. அதன் முதலாளி ஸ்பீக்கர் வாங்க அதே பழைய சாமான் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முதலாளி என் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினார். அவள் வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"சனிக்கிழமை சாயங்காலம் சும்மா ஒரு மணி நேரம்க்கா. சின்ன இடம். நீ வந்து என்ன பண்ணப் போற, வீட்ல ரெஸ்ட் எடு."

கூச்சம் என்று நினைத்தேன். சொல்லாமல் போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று, பன்னிரண்டு தட்டுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மேலே பெரிதாக 'இரட்டைத் தட்டு.' கீழே அவள் படம். அவள் மட்டும்.

உள்ளே போனேன். அவள் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையாட்டினாள். முதலாளி எழுந்து வந்து, நீங்கள்தான் அக்காவா என்றார். பிறகு என் தோளைப் பிடித்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, ஊருக்கே கேட்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"காது கேக்காதுன்னு தங்கச்சி சொன்னாங்க. பாவம். அதான் உங்களைக் கூப்பிட வேணாம்னு சொல்லிட்டாங்க. முன்னாடி வந்து உக்காருங்க, அதிர்வாவது தெரியும்."

நல்ல மனுஷர். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; ஒரு பெண் எனக்காகத் தன் நாற்காலியைக் கூட நகர்த்திக் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். என் மடியில் பை இருந்தது. ஒரு மணி நேரமும் நான் பொறுக்கி வைத்த பாட்டுகள்தான் ஓடின, நான் சொல்லியிருந்த வரிசையில். முடிந்ததும் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பாட்டெல்லாம் யார் தேர்ந்தெடுத்தது என்று ஒருவர் கேட்டார். "நான்தான்" என்றாள். அது என் வலது காதில் தெளிவாக விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள்.

"கோவமாக்கா?"

"எதுக்குக் கோவம்?"

"அப்பாடி. பயந்தே போயிட்டேன்." என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் அத்தோடு விட்டுவிட்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன், ஒரு வாரம் முழுக்க. உண்மையாகவே காத்திருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு என்னிடம் வந்து, "அக்கா, இந்த வாரம் எத எதப் போடலாம்?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவள் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு அந்த வெள்ளைப் புள்ளியைத் துடைத்தேன். கொஞ்சம் தள்ளி வேறொரு புள்ளி வைத்தேன். பத்து மணி காட்டும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அதற்குமேல் எதுவும் யோசிக்கவில்லை. அவளே கவனித்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன்.

"சத்தம் கொஞ்சம் கூட இருக்கற மாதிரி இருக்கே" என்றாள்.

"கடையில கூட்டம் பேசறப்போ உனக்கு ஹெட்போன் கேக்கணும்ல. மீட்டர் வெச்சு அளந்துட்டேன். ஒண்ணும் ஆகாது."

"நீ சொன்னா சரி."

காது ஒரு சத்தத்துக்குப் பழகிவிட்டால் அது குறைவாகத் தோன்ற ஆரம்பிக்கும். அது என் தொழிலில் முதல் வருடப் பாடம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். அந்த வருடம் முடிவதற்குள் புள்ளி இரண்டு மணிக்கு வந்திருந்தது. அந்த இடத்தில் வைத்து நான் அளந்த எண் நூற்றெட்டு டெசிபல். தொழிற்சாலையில் அந்தச் சத்தம் இருந்தால் சில நிமிடங்களுக்குமேல் ஆளை நிற்க விடமாட்டார்கள். அவள் தினம் மூன்று மணி நேரம் பழகினாள். கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்று சொல்லி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன். இரண்டு தட்டையும் ஹெட்போனிலேயே, இரண்டு காதையும் மூடிக்கொண்டு கேட்டுப் பழகச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. நீங்கள் அவரைக் கேட்டால் அவர் அதைத்தான் சொல்வார்.

சத்தத்தைக் குறைக்கிற காது அடைப்பான்கள் செய்து கொடுத்ததும் நான்தான். மற்ற டி.ஜே.க்கள் போட்டுக்கொள்கிறார்கள், எனக்கும் வேண்டும் என்று அவளே கேட்டாள். அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டு இரண்டு காதிலும் பசையை ஊற்றி அச்சு எடுத்தேன். "கூச்சமா இருக்குக்கா" என்று நெளிந்தாள். அச்சில் வார்த்து, மெருகேற்றி, உள்ளே ஊசியால் நேர்த்துளை ஒன்று போட்டேன். கண்ணுக்குத் தெரியாது. சத்தத்துக்கு அது கதவைத் திறந்துவைத்த மாதிரி. காபிக் கடையில் எல்லோரிடமும் கழற்றிக் காட்டி, எங்கக்கா கையால செஞ்சது என்றாளாம். அதை அவள் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புள்ளி நகர ஆரம்பித்த மூன்றாவது மாதம், காதுக்குள் ஒரு விசில் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருவதுதான், விடாமல் பழகினால் போய்விடும் என்றேன். விடாமல் பழகினாள்.

மாதாந்திரச் சோதனைகளும் நடந்தன. அதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டீர்கள். புள்ளி நகர ஆரம்பித்த ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன். அவள் கண்ணாடி அறைக்குள் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, லேசான புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் எப்போதும் உட்காருவாள். நான் கீச்சென்ற உயர்ந்த ஒலியை அனுப்பினேன். விரல் அசையவில்லை. கூட்டினேன். அசையவில்லை. இன்னும் கூட்டினேன். ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து பேசுகிற அளவுக்குச் சத்தம் அவள் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இல்ல பாப்பா. இப்பதான்" என்று மைக்கில் சொன்னேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளுடைய முதல் மாதத்துத் தாளை எடுத்து, அதே கோட்டைப் புதுத் தாளில் வரைந்து, தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். காதும் காதும் வைத்த மாதிரி பதினோரு மாதம் இப்படியே போனது. அந்தக் கோட்டை ஒவ்வொரு முறையும் கவனமாக வரைந்தேன். அவ்வளவு அழகான கோடு.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். கடையில் அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள், வாடிக்கையாளர்கள் எழுந்து போனார்கள். முதலாளி எனக்கு ஃபோன் செய்து, "உங்க தங்கச்சிக்குக் காதுல ஏதோ இருக்கும்மா, கொஞ்சம் பாருங்க" என்றார். மாதாமாதம் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு சனிக்கிழமை இரண்டு தட்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தன. ஆரம்ப நாட்களில் ஓடுமே, அப்படி. கடை முழுக்க அவளையே பார்த்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தொடர்ந்து வாசித்தாள். ஒருவர் கைதட்டிச் சிரித்தாராம். பாராட்டு என்று நினைத்து அவருக்குத் தலை வணங்கினாளாம். முதலாளியின் மனைவிதான் மேஜையைச் சுற்றிப் போய் மிக்ஸரை அணைத்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். திங்கட்கிழமை அவரே வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அன்று மத்தியானம் என் தங்கை வீட்டுக்கு வந்தாள். அவர்கள் எடுத்த தாளையும் நான் கொடுத்த கடைசித் தாளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் கொடுத்ததில் கோடு மேலேயே நேராகப் போனது. மற்றதில் பாதியில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி விழுந்திருந்தது. அவள் பேசியது கத்தலாக இருந்தது. தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"அக்கா, இந்தத் தாள்ல இருக்கறது யாரோட காது?"

"உன்னோடதுதான்" என்றேன். அது பொய் இல்லை.

வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் கேட்காமலே, அந்தக் காபிக் கடை விஷயத்தைச் சொன்னாள். ஒன்றரை வருடம் கழித்து.

"உனக்கு இருக்கறது ஒரே காதுக்கா. அந்த ஸ்பீக்கர் பக்கத்துல வாராவாரம் நின்னா அதுவும் போயிடும்னு பயமா இருந்துச்சு. வராதேன்னு சொன்னா நீ கேப்பியா? அதான் அவர்கிட்ட சொன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பாட்டெல்லாம் நீ எடுத்ததுன்னு சொன்னா, அக்கா எங்க, கூட்டிட்டு வாங்கன்னு பிடிச்சுக்குவாங்கன்னுதான் நான்னு சொன்னேன்."

உண்மையாக இருக்கலாம். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாரம் நான் காத்திருந்தபோது சொல்லியிருந்தால் நான் புள்ளியைத் தொட்டிருக்கவே மாட்டேன். இதை அவளிடமும் சொன்னேன். நிதானமாக, உதடு தெரியும்படி சொன்னேன். மேஜையில் இருந்த தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பெட்டிகளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான்தான் செய்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. புள்ளியை நகர்த்தியது, அடைப்பானில் துளை போட்டது, பதினோரு தாளில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். ஒவ்வொரு முறையும் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். தெரியாது என்று சொன்னால் இருபத்தொரு வருட வேலைக்கு அவமானம். வஞ்சம் தீர்த்தேன் என்று மட்டும் வழக்குக் குறிப்பில் எழுதிக்கொள்ளாதீர்கள். அவள்மேல் எனக்கு ஒரு நாளும் வெறுப்பு வந்ததில்லை. ஒரு காதோடு இத்தனை வருடம் நான் எப்படி இருந்தேன் என்பது இந்த உலகத்தில் ஒருத்திக்காவது தெரிய வேண்டும் என்று இருந்தது. அது அவளாக இருப்பதுதானே முறை.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அக்காவைப் பார்க்க வருகிறீர்களா என்று அவளிடம் கேட்டதாகவும், அவள் பதிலே சொல்லாமல் எழுந்து போய்விட்டதாகவும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பக்கவாட்டில் நின்று கேட்டிருப்பீர்கள். அல்லது பேசும்போது வாயருகே கை இருந்திருக்கும். அவளுக்குக் கேட்டிருக்காது. எதிரே உட்கார்ந்து, அவள் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, மெதுவாக இன்னொரு முறை கேளுங்கள். வருவாள்.